ஜெயராணி சுத்தமாக்கிய இரத்தம்

தெல்தோட்டையில் எங்கள் மலையில் தேயிலைக் கொழுந்து பறிக்கிறவர்களில் ஜெயராணி போல வாய்க்காரி கிடையாது. கங்காணி ஒன்று சொன்னால் ஒன்பது திருப்பிக் கொடுப்பாள். பக்கத்து வீட்டுக்காரியான நானே நிறைய வாங்கிக் கட்டியிருக்கிறேன். அப்படிப்பட்டவள் உடைந்துபோனது மகள் சுதர்சினியால்.

பிள்ளைக்கு ஒன்பது வயது. பார்த்தால் ஆறு என்றுதான் சொல்லுவீர்கள். கை கால் குச்சி, வயிறு மட்டும் உப்பல். சாப்பிட்டதெல்லாம் பேதியாகப் போகும். பூச்சி மருந்து கொடுத்தாள், மந்திரித்துக் கயிறு கட்டினாள். ஒன்றுக்கும் கேட்கவில்லை. கண்டிக்குக் கொண்டுபோனபோதுதான் டொக்டர் றமீலா விஷயத்தைச் சொன்னார். சில பிள்ளைகளின் குடலுக்குக் கோதுமை ஆகாதாம். அப்படி இருந்தால் உடம்பு அதை எதிர்த்து இரத்தத்தில் ஒன்றை உண்டாக்குமாம். இரத்தத்தைச் சோதித்தால் தெரிந்துவிடுமாம். அதுவரைக்கும் வழக்கமான சாப்பாடே கொடுங்கள் என்றும் சொன்னார். அது மட்டும் ஜெயராணியின் காதில் ஏறவில்லை.

ஏறாததற்குக் காரணம் இருக்கிறது. எங்கள் லயத்து வீடுகளில் சீனி வருத்தம், அதுதான் நீரிழிவு, உள்ளவர்களுக்கு ஒரு பழக்கம். கிளினிக் நாள் நெருங்கினால் சீனி போட்ட தேத்தண்ணியைத் தொடமாட்டார்கள். ரிப்போட் நல்லதாக வரும், டொக்டர் ஏசமாட்டார். வீட்டுக்கு வந்ததும் பழையபடி கரண்டி கரண்டியாகப் போடுவார்கள். ஜெயராணியின் புருஷன் சுந்தரலிங்கம் இதில் கைதேர்ந்தவர்.

பிள்ளையின் இரத்தத்தையும் அப்படித்தான் சுத்தமாக்க வேண்டும் என்று இவள் முடிவு கட்டிவிட்டாள். மூன்று வேளையும் கோதுமை மா ரொட்டியில் ஓடுகிற வீட்டில் சுதர்சினிக்கு மட்டும் சோறு. மழையில் பாதை சரிந்து, இரத்தம் எடுக்கும் நாள் மாதக்கணக்கில் தள்ளிப்போனது. அதற்குள் பிள்ளை தேறிவிட்டாள். கன்னத்தில் சதைகூட வைத்தது.

ரிப்போட்டில் நோய் இல்லை என்று வந்தது. ஜெயராணி மாரியம்மனுக்குத் தேங்காய் உடைத்தாள். சுடச்சுட ரொட்டி சுட்டு, "தின்னுடி தங்கம், ஒனக்கு ஒரு நோயும் இல்ல" என்று தன் கையாலேயே ஊட்டினாள். கொஞ்ச நாளில் பிள்ளை மறுபடியும் சுருண்டு விழுந்தாள்.

பிள்ளையைத் திரும்பவும் கண்டிக்குக் கொண்டுபோனாள். நானும் துணைக்குப் போனேன்.

"ரத்தம் எடுத்த நேரம் புள்ள ரொட்டி சாப்பிட்டதா?" என்று டொக்டர் கேட்டார்.

"தொடவே விடலீங்க, டொக்டர். மாசக்கணக்கா!" பெருமையாகத்தான் சொன்னாள்.

டொக்டர் ரிப்போட்டை மேசையில் வைத்தார். "கோதும உள்ள போனாத்தான் ரத்தத்துல அந்த எதிர்ப்பு காட்டும். நீங்க நிப்பாட்டினதால மறைஞ்சிருக்கும். இந்த ரிப்போட்ட நம்ப ஏலாது."

"அப்ப மாவே குடுக்காம வளத்துர்றேங்க."

"வேற நோயா இருந்தா என்ன செய்யிற? அது உள்ளுக்குள்ளயே முத்திப் போயிரும். தெனமும் ரொட்டி குடுங்க. சில கிழம கழிச்சித் திரும்ப எடுப்போம். ரொம்ப முடியாமப் போனா உடனே கொண்டு வாங்க."

பஸ்ஸில் வரும்போது ஜெயராணி என் தோளில் சாய்ந்து அழுதாள். "நஞ்சுன்னு தெரிஞ்சே ஊட்டணுமாக்கா?" எனக்கு அவளுடைய கெட்டிக்காரத்தனத்தின் மேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. ஏசத்தான் மனம் வரவில்லை. அந்த வாரம் கோயிலில் அவள் கேட்ட வரத்தைக் கேட்டு எனக்கு உடம்பே கூசிவிட்டது. "இந்தத் தடவ நோய் இருக்குன்னே வரணும், தாயே!"

நேற்று நான் போனபோது சுதர்சினி வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முன்னால் தட்டு காலி.

"அம்மா, ரத்தத்துல அது வந்துட்டா ரொட்டிய நிப்பாட்டிருவாங்கதானே?"

"ஆமாடி."

"அப்ப இன்னொன்னு தாங்கம்மா. சீக்கிரமா வரட்டும்."

ஜெயராணி இன்னொரு ரொட்டியை எடுத்துப் பிய்த்தாள். பிள்ளை வாயைத் திறந்து காத்திருந்தாள்.