மாமா தின்ற ஆளி விதைப் பொடி

என் கையெழுத்து கோணலாக இருக்கும். நான்காம் வகுப்போடு நின்றவன், பிழைகளும் வரும். அச்சுக் கோப்பவர்கள் பொறுத்துக்கொண்டு திருத்த வேண்டும்.

மாமா என்றதும் எனக்கு ஞாபகம் வருவது, தட்டில் பொடியைக் குவித்து நடுவே அவர் விரலால் தோண்டும் குழிதான். அவர் என் அக்காவின் வீட்டுக்காரர். மைசூர் விஜயநகரில் அவர்கள் நடத்தும் டிபன் கடையில் தோசைக்கல் என் பொறுப்பு. சிவராத்திரி வந்தால் மாமா மாதேஸ்வரன் மலைக்கு நடந்தே போவார். வருடம் முழுவதும் அதைத்தான் எதிர்பார்த்துக்கொண்டிருப்பார்.

போன வருடம் அவர் ரத்தத்தில் கொழுப்பு அதிகம் என்று வந்தது. சாப்பாட்டைக் குறைக்கவும் ஆளி விதையைப் பொடித்துச் சேர்க்கவும் சொன்ன டாக்டர், சில மாதம் கழித்து மறுபடி பார்க்கலாம் என்றார். அக்கா விடவில்லை. "கொறையலைன்னா மலைக்கு நடக்கற பேச்சே கெடையாது. பஸ்ஸுதானுங்க."

மாமாவின் முகம் ஆறின பூரியாக அமுங்கிவிட்டது. அன்றே மார்க்கெட்டுக்குப் போய், அகசெ என்று கன்னடத்தில் கேட்டு, பழுப்பு நிறத்தில் மினுங்கும் அந்த விதையை வாங்கிவந்தார். வாணலியில் அது படபடவென்று வெடித்தது. மிளகாய், பூண்டு, கறிவேப்பிலை சேர்த்து அரைத்தபோது தெருவே மணத்தது. இரண்டு வேளையும் அதே பொடிதான். ஒரு நாளும் தவறவிடவில்லை.

மறு பரிசோதனையில் கொஞ்சமும் குறையவில்லை. விதையில் கலப்படம் என்று மாமா கொதித்தார். டாக்டருக்குத் தமிழ் தெரியும். "எப்படிச் சாப்பிடுறீங்க?" என்று கேட்டார். மாமா பெருமையாக மேசைமேலேயே விரலால் வரைந்து காட்டினார்.

"இப்பிடிக் குவிச்சு, நடுவுல குழி பண்ணி..."

"குழியில?"

"நெய்தானுங்க, ஒரு கரண்டி. பொடிய வெறுமனே தின்னா தொண்ட அடைக்காதுங்களா?"

அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். டாக்டர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார்.

அதன்பிறகு பொடி மோரில் கலந்து களியோடு போயிற்று. "மண்ணத் திங்கற மாதிரி இருக்குது மாப்ளே" என்பார். "பஸ்ஸுல சன்னலோர சீட்டு போட்டு வெக்கட்டுங்களா மாமா?" என்று நான் கேட்பேன். முறைத்துக்கொண்டே விழுங்குவார்.

சிவராத்திரிக்கு முன்பு பார்த்தபோது நன்றாகக் குறைந்திருந்தது. விதையாலா, நெய்யை நிறுத்தியதாலா, பிரித்துச் சொல்ல முடியாது, இரண்டையும் தொடருங்கள் என்றார் டாக்டர். விதைதான் என்று மாமாவும், நெய்யை நிறுத்தவைத்த தான்தான் என்று அக்காவும் இன்றுவரை சண்டை.

துணைக்கு என்னையும் நடக்க அனுப்பினாள் அக்கா. மலை ஏற்றத்தில் மாமா முன்னால் பாடிக்கொண்டு போனார். நான் மூச்சு வாங்கி ஒரு பாறைமேல் உட்கார்ந்துவிட்டேன். அவர் திரும்பி வந்து, இடுப்பில் கைவைத்து என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"ஊருக்குப் போனதும் உனக்கும் ரத்தம் எடுக்கோணும் மாப்ளே."

எடுத்தார்கள். மாமாவுக்கு முதலில் வந்ததைவிட எனக்குக் கூடுதல். கடைக்கு வருகிற எல்லோரிடமும் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார்.

இதை எழுதி முடிக்கும் இன்று யுகாதிக்கு மறுநாள், இந்த ஊரில் வீட்டுக்கு வீடு கறி சமைக்கும் நாள். எங்கள் தெரு முழுக்கக் கறிக் குழம்பு வாசனை. என் முன்னால் களியும் மோரும் பொடியும். எதிரே உட்கார்ந்து, நான் விழுங்குகிறேனா என்று பார்த்துக்கொண்டிருக்கிறார் மாமா.