காளை ஏறாத வண்டியும் என் பட்டறை மறியலும்

ஒரு பிக்கப் வண்டிக்குப் பெரிய மூச்சும் பெரிய குரலும் வேகமான மூளையும் வைத்துக் கொடுப்பது எங்கள் தொழில். வண்டிக்காரருக்கு இவற்றில் எது குறைவு என்று ஆராய்வது எங்கள் தொழில் இல்லை.

பட்டறை வைத்துப் பிழைக்கும் தோழர்களே, இந்தப் பாடு உங்களுக்கும் தெரியும். செல்போனில் ஒரு வீடியோவைக் காட்டி, "இதே மாதிரி வேணும்" என்று ஒருவர் வந்து நிற்பார். வீடியோவில் இருப்பது பாலைவனத்தில் பறக்கிற வண்டி. நம் முன்னால் நிற்பது சாணி அப்பிய லோடு வண்டி. முடியாது என்று சொன்னால் நமக்குத் தொழில் தெரியாது என்று அர்த்தமாகிவிடும்.

நான் முன்பு பஸ் டெப்போவில் மெக்கானிக். பள்ளிக்கூடம் எட்டாவதோடு சரி. மிச்சப் படிப்பு முழுக்கத் துண்டுப் பிரசுரத்தில். வேலைநிறுத்தத்தில் முன்வரிசையில் கொடி பிடித்த எனக்கு வேலை போனது. பின்வரிசையில் குடை பிடித்து வந்தவர் தலைவரானார். அது கிடக்கட்டும். இப்போது ஆவூர் ரோட்டில் விநோத்தும் நானும் கூட்டாகப் பட்டறை வைத்திருக்கிறோம். வெல்டிங்கும் குழாயும் என் பக்கம், லேப்டாப் அவன் பக்கம். அவன் என்னைத் தோழர் என்று கூப்பிடுவான். அதில் மரியாதை பாதி, கிண்டல் பாதி.

இங்கே சொல்லப்போவது ஒரே ஒரு வண்டியின் கதை. வண்டிக்காரர் ஆவூர் ஆரோக்கியசாமி. ஜல்லிக்கட்டுக் காளைகளை வாடிவாசலுக்கு ஏற்றிப்போய்த் திரும்பக் கொண்டுவந்து விடுவதுதான் அவர் பிழைப்பு. தை முதல் வைகாசி வரை ஓடுகிற ஓட்டத்தில்தான் மிச்ச மாதங்களுக்கும் அவர் வீட்டில் அடுப்பெரிய வேண்டும். இந்த முறை பக்கத்துத் தெருக்காரர் ஒருவர் அதே தொழிலுக்குப் புது வண்டி இறக்கிவிட்டார். மாட்டுக்காரர்கள் அங்கிட்டுச் சாய்வதற்குள் தன் வண்டி நாலு ஊருக்குத் தெரிய வேண்டும் என்று மார்கழிக் கடைசியில் ஆரோக்கியசாமி எங்களிடம் வந்தார்.

வைக்கோல் தின்ற வண்டி

முதலில் மூச்சு. பழைய ஏர் ஃபில்டர் டப்பாவைக் கழற்றிப் போட்டுவிட்டு, காற்று இழுக்கும் குழாயைக் கேபின் ஓரமாக மேலே ஏற்றி, அதன் வாயில் கூம்பு மாதிரி ஒரு திறந்த ஃபில்டரைப் பொருத்தினேன். யானை தும்பிக்கையைத் தூக்கிக்கொண்டு நிற்பது போல இருந்தது. ஆரோக்கியசாமி அதைத் தொட்டுக் கும்பிட்டார்.

அந்த வாரமே வண்டி இருமிக்கொண்டு வந்து சேர்ந்தது. மேட்டில் இழுவை இல்லை, பின்னால் புகை. டீசலில் கலப்படம் என்று நான் அடித்துச் சொன்னேன். கலப்படத்துக்குப் பின்னால் இருக்கும் முதலாளிகள் யார் யார், அவர்களைப் பாதுகாக்கும் அதிகாரிகள் யார் யார் என்று ஒரு சிறிய உரையும் ஆற்றினேன். உரை முடிவதற்குள் விநோத் மேலே ஏறி ஃபில்டரைக் கழற்றிவிட்டான். ஒரு கூடை பின்னுகிற அளவுக்கு அதில் வைக்கோல் சிக்கியிருந்தது. மாட்டுக்கான தீனிக்கட்டைக் கேபின் கூரைமேல், குழாயின் வாய்க்கு நேராகக் கட்டிக்கொண்டு ஓட்டியிருக்கிறார் மனிதர்.

ஆரோக்கியசாமி வைக்கோலைக் கையில் வாங்கிப் பார்த்தார். "அதான பாத்தேன், கட்டுற தீனிக்கு மாடு வயிறு ரொம்பலையேன்னு. எல்லாத்தையும் இந்தப் பயலுல்ல தின்னுருக்கான்!"

குரல்

அடுத்தது சைலன்சர். "மாடு வருதுன்னா ரெண்டு ஊருக்கு முன்னாடியே தெரியணும்ணே" என்றார். அதோடு ஒரு தத்துவமும் வைத்திருந்தார். வழியெல்லாம் இந்தச் சத்தத்தைக் கேட்டுக் காளைக்குச் சூடேறுமாம். வாடிவாசலில் அவிழ்த்துவிட்டதும் வெடித்துக்கொண்டு பாயுமாம். எனக்குச் சந்தேகம்தான். ஆனால் அவர் அடுத்து ஒன்று சொன்னார்: "சத்தம் ஒங்க தொண்டை மாதிரி இருக்கணும்ணே." மைக் இல்லாமலே கடைசி வரிசைக்குக் கேட்கப் பேசியவன் நான். இதைச் சொன்ன பிறகு யாரால் மறுக்க முடியும்?

சத்தத்தை அடக்கும் டப்பாவை அறுத்தெடுத்துவிட்டு நேர்க்குழாய் போட்டு, பின்கதவுக்குக் கீழே இரண்டு வாய் வைத்தேன். ஸ்டார்ட் செய்ததும் பட்டறைத் தகரம் முழுக்க நடுங்கியது. எதிர் டீக்கடையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர் பேப்பரோடு எழுந்து நின்றார். நான் மார்பில் கைகட்டி நின்று ரசித்தேன்.

விநோத் காதிலிருந்து விரலை எடுக்காமலே சொன்னான்: "தோழர், இது வண்டியில்லை, ஒங்க பொதுக்கூட்டம். எல்லாருக்கும் கேக்குது, ஒருத்தருக்கும் ஒண்ணும் புரியல."

வெள்ளைச் சட்டைகள்

மூளை விநோத்தின் இலாகா. லேப்டாப்பைச் சொருகி, மிதித்தால் டீசல் கூடுதலாகப் பாய்கிற மாதிரி மாற்றினான். ஓட்டிப் பார்க்க ஆரோக்கியசாமியும் நானும் கிளம்பினோம். வண்டி சீறிக்கொண்டு போனது. டீசல் கூடிப்போனதில் மிதிக்கும்போதெல்லாம் பின்னால் கரும்புகை மலைபோலக் கிளம்பியது. திரும்பிப்போய் விநோத்திடம் சொல்லிக் குறைத்துக்கொள்ளலாம் என்றுதான் நினைத்தேன்.

கூட்டுரோட்டில் நிழற்குடைத் திறப்பு விழா. ரிப்பன் கட்டி, கத்தரிக்கோலைத் தட்டில் வைத்து, வெள்ளை வேட்டி வெள்ளைச் சட்டையில் வரிசையாக நிற்கிறார்கள். நடுவில் யார் என்றால், நம் குடை பிடித்த தலைவர். மிதித்துப் பார்ப்பது சோதனையில் ஒரு பகுதி. எந்த இடத்தில் மிதிப்பது என்று சொன்னது மட்டும் நான். கண்ணாடியில் பார்த்தபோது நிழற்குடையைக் காணவில்லை. கொஞ்ச நேரத்தில் புகைக்குள்ளிருந்து ஒரு கத்தரிக்கோல் மட்டும் மெதுவாக வெளியே வந்தது.

ஆரோக்கியசாமி திரும்பிப் பார்த்துவிட்டு அடக்கமாகக் கேட்டார்: "அண்ணே, இன்னொரு டெஸ்ட் பாத்துருவமா? ஓரத்துல ஒரு சட்டை இன்னும் வெள்ளையாத்தான் இருக்கு."

நிதானமான காளை

தை பிறந்தது. வாடிவாசலுக்கு அந்த வருஷத்தின் முதல் சவாரி கருப்பையாவின் செவலைக் காளைக்கு. கருப்பையா பக்கத்துக் கிராமத்து விவசாயி. அவருடைய செவலை எந்த வாடியிலும் பிடிபட்டதில்லை. அவர் எந்த வண்டியில் ஏற்றுகிறாரோ அதே வண்டியில்தான் சுற்றுவட்டாரத்தில் மற்றவர்களும் ஏற்றுவார்கள். ஆவுடையார்கோவில் பக்கம் ஓர் ஊரில் ஜல்லிக்கட்டு. மாவட்டத்தின் இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்கு, குழாயின் இரண்டு வாய்க்கும் நேர் மேலே நின்றபடி செவலை பயணம் செய்தது.

நாங்களும் பார்க்கப் போயிருந்தோம். வாடி திறந்தது. செவலை வெளியே வந்தது, பாயவில்லை. வழியெல்லாம் கேட்ட சத்தத்துக்குப் பிறகு கொட்டுச் சத்தமும் விசிலும் அதன் காதில் விழுந்ததாகவே தெரியவில்லை. ஓய்வூதியம் வாங்க வந்தவர் போல நாலு பக்கமும் பார்த்துக்கொண்டு நடந்தது. பாய்ச்சலை எதிர்பார்த்துத் தாவிய வீரர்கள் காற்றைப் பிடித்து ஒருவர் மேல் ஒருவர் விழுந்தார்கள். மைக்கில் வர்ணித்துக்கொண்டிருந்தவர் என்னென்னவோ சொல்லிப் பார்த்து, கடைசியில், "மாட்டுக்காரர் யாருப்பா? வந்து கையப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போங்க" என்றார். கூட்டம் சிரித்த சிரிப்பில் கருப்பையா தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து முகத்தை மூடிக்கொண்டார்.

எங்களிடம் வந்து ஒரே ஒரு வார்த்தைதான் பேசினார்: "நான் ஏத்துனது காளை. நீங்க எறக்குனது பசு."

தைலமரக் காட்டுக்குள்

அடுத்த ஞாயிறு வேறு ஊர், வேறு மாடு. ஆனால் செவலை கட்டியிருந்த தெரு வழியாகத்தான் போக வேண்டும். வண்டி தெருமுனையில் திரும்பியதும் செவலை கயிற்றை அறுத்துக்கொண்டு தைலமரக் காட்டுக்குள் போய்விட்டது. அதைப் பார்த்து இரண்டு கிடாரிகளும் போயின. ஏற்ற வேண்டிய மாடோ, மண்மேட்டை ஒட்டி வண்டியைப் பின்னுக்கு விட்டு நிறுத்தியதும் கால் நாலையும் ஊன்றி நின்றுவிட்டது. ஆறு பேர் தள்ளினார்கள். மாடு உட்கார்ந்துவிட்டது. எனக்கு மட்டும் அதன்மேல் ஒரு மரியாதை வந்தது. சாத்வீகப் போராட்டத்தில் அதுதான் சரியான முறை.

அதற்குப் பிறகு ஆரோக்கியசாமியைக் கூப்பிட்ட போன்கள் எல்லாம் வேண்டாம் என்று சொல்லத்தான் வந்தன. பழைய சைலன்சர் என் பட்டறை மூலையில்தான் கிடந்தது. திரும்ப மாட்ட ஒரு காலைப்பொழுது போதும். ஆனால் அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. கொடுத்த குரலைப் பிடுங்கிக்கொள்வது என் கொள்கைக்கு விரோதம். அவருக்கு வேறு கவலை.

"ஊரு பூராப் பெருமை பேசிட்டேண்ணே. இப்பக் கழட்டுனா பக்கத்துத் தெருக்காரன் சிரிச்சே செத்துருவான். அந்தப் பாவம் எனக்கெதுக்கு?"

பட்டறையே பதில் சொல்

ஒரு சனிக்கிழமை காலையில் பட்டறைக்கு எதிரே பெண்கள் வந்து உட்கார்ந்தார்கள். முன்னால் இருந்தது ஆரோக்கியசாமியின் மனைவி ஜெசிந்தா. கூட வந்தவர்கள் மாடு வைத்திருக்கும் வீட்டுக்காரிகள். சைலன்சரை மாற்றும் வரை எழுந்திருக்க மாட்டார்களாம். என் வாழ்க்கையில் எத்தனையோ வாசல்களில் உட்கார்ந்திருக்கிறேன். என் வாசலில் யாரும் உட்கார்ந்ததில்லை. முதலில் கோபம்தான் வந்தது.

பிறகு அவர்கள் கோஷம் போட்டார்கள். கோபம் போய் வேதனை வந்தது. "கொறைக்கணும் கொறைக்கணும், சத்தத்தைக் கொறைக்கணும்" என்று ஆளுக்கொரு பக்கமாக இழுக்கிறார்கள். உட்கார்ந்திருப்பதோ ரோட்டுக்கு அந்தப் பக்கம், புளியமர நிழலில். வாசலில் வண்டிகள் தாராளமாகப் போய் வந்துகொண்டிருக்கின்றன. எவ்வளவு நேரம்தான் பார்த்துக்கொண்டிருப்பது? போய்ச் சொன்னேன்: "ஆத்தா, மரத்தடியில ஒக்காந்தா அது மறியல் இல்ல, எளைப்பாறுறது. வாசலை அடைச்சு ஒக்காருங்க." வந்து அடைத்து உட்கார்ந்தார்கள். கோஷத்தையும் மாற்றிக் கொடுத்தேன்.

காளை ஏறாத வண்டி எதற்கு?
காதைக் கிழிக்கும் குழாய் எதற்கு?
பதில் சொல், பதில் சொல்,
பட்டறையே பதில் சொல்!

சொல்லிக் கொடுக்கப் போய், முஷ்டி தானாக உயர்ந்துவிட்டது. ரத்தத்தில் ஊறியது. ரோட்டில் போன பஸ் நின்று பார்த்தது. கடைசி அடியை நான் மூன்றாம் முறை முழங்கியபோது, உள்ளேயிருந்து விநோத் எட்டிப் பார்த்தான்.

"தோழர், பதில் சொல்ல வேண்டிய ஆளே நீங்கதான். உள்ள வாங்க."

பேச்சுவார்த்தை

போன் போய் ஆரோக்கியசாமி ஓடி வந்தார். பேச்சுவார்த்தை தொடங்கியது. பட்டறைத் தரப்பில் நான் ஸ்டூலில் உட்கார்ந்தேன். எதிர்த்தரப்பில் கோரிக்கைகளை எடுத்துவைக்கப் பழக்கப்பட்ட ஆள் இல்லாததால், அவ்வப்போது எழுந்து அங்கிட்டும் போனேன். பழைய சைலன்சர் திரும்ப வர வேண்டும். காற்றுக்குழாய் கீழே இறங்கிப் பழைய டப்பாவுக்குள் போக வேண்டும். டீசல், மாட்டோடு மேடு ஏறுகிற அளவுக்கு மட்டும். மூன்றையும் நானே வைத்தேன், நானே கடுமையாக எதிர்த்தேன், நானே ஏற்றுக்கொண்டேன்.

ஆரோக்கியசாமி மட்டும் அசையவில்லை. ஜெசிந்தா சத்தம் போடாமல் சொன்னாள்: "இந்தத் தையில ஏறுற மாடுதாங்க நம்ம வருசம். அவன் சிரிச்சா சிரிச்சுட்டுப் போறான். பிள்ளைகளுக்கு நாளைக்கு நான் எதை ஆக்கிப் போட?" அவர் தரையைப் பார்த்தார். நான் அவரைத் தனியே கூட்டிப்போனேன். "ஏப்பா, மாட்டுக்காரங்களுக்குப் பயந்து கழட்டுனாத்தான் சிரிப்பாங்க. மக்கள் கோரிக்கைய மதிச்சுக் கழட்டுனா அது பெருந்தன்மை" என்றேன். முகம் தெளிந்துவிட்டது. பம்பர்மேல் ஏறி நின்று, மக்களுக்காக எதையும் விட்டுக்கொடுக்கத் தயார் என்று அறிவித்தார். கைதட்டலை நான்தான் தொடங்கிவைத்தேன்.

ஜெசிந்தா சேலையில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டே எழுந்தாள். "அண்ணே, இதைக் காலையிலேயே அவருகிட்டச் சொல்லியிருந்தா நான் ஒரு ஒலையாச்சும் வச்சுட்டு வந்துருப்பேன்ல?"

மண்மேடு

வண்டி மாறிவிட்டது. மாடு மாற வேண்டுமே? கருப்பையா வருவதாகச் சொன்னதே பெரிது. செவலை ஏறினால் மற்ற மாடுகளும் வரும். ஏறாவிட்டால் ஆரோக்கியசாமி வண்டியை விற்றுவிட்டு வேறு வேலை தேட வேண்டியதுதான். இது எல்லோருக்கும் தெரியும். ஜெசிந்தா கழுத்து ஜெபமாலையை உருட்டிக்கொண்டு தள்ளி நின்றாள். பக்கத்துத் தெருக்காரரும் சும்மா வந்தது போல வந்து நின்றார். மண்மேட்டை ஒட்டி வண்டி ஓடிக்கொண்டே நின்றது. முனகல் மாதிரி ஒரு சத்தம், அவ்வளவுதான்.

செவலை பின்கதவை மோந்தது. குழாயின் வாயை மோந்தது. ஒரு காலை வைத்துப் பின்னுக்கு இழுத்துக்கொண்டது. ஆரோக்கியசாமி கண்ணை மூடிக்கொண்டார். இதுதான் சமயம் என்று நான் செவலைக்கு ஆறுதலாக நாலு வார்த்தை பேச ஆரம்பித்தேன். உடனே ஆரோக்கியசாமியும் கண்ணைத் திறக்காமலே சேர்ந்துகொண்டார்: "வாடா தங்கம், ஏறுடா ராசா." காளை எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தது. பிறகு யாரும் தள்ளாமல் தானாக ஏறிப்போய், வைக்கோல்மேல் படுத்துக்கொண்டது. பக்கத்துத் தெருக்காரர் சிரிக்காமல் கிளம்பிப் போனார்.

நாங்கள் அப்போதும் பேசிக்கொண்டிருந்தோம். கருப்பையா கதவை மெதுவாகச் சாத்திக் கொண்டி போட்டுவிட்டு எங்கள் பக்கம் திரும்பினார்: "வண்டிக்குச் சைலன்சர் மாட்டுனது சரிங்க தோழர். ஒங்க ரெண்டு பேருக்கும் ஒண்ணு மாட்டுனீங்கன்னா மாடு செத்த நேரம் தூங்கும்."

இத்தனை வருஷப் போராட்ட வாழ்க்கையில் ஒரு கோரிக்கைகூட விட்டுக்கொடுக்காமல் முழு வெற்றியோடு நான் முடித்துவைத்த போராட்டம், எனக்கு எதிராக நான் நடத்திய அந்த ஒன்றுதான்.