சிக்னல் வரும் வரைக்கும்

எனக்கு அவனில் பொறாமை. அதை மூடி மறைத்துக்கொண்டு கதை சொல்ல என்னால் ஏலாது. அதனால் முதலிலேயே சொல்லிப்போட்டேன்.

இந்த நாட்டுக்கு ஒரே படகில் வந்தோம். ஒரே முகாமில் பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் கிடந்தோம். அவனுக்கு இங்கிலீஷ் சரியாக வராது, எனக்குக் கொஞ்சம் வரும். ஊரில் என்ன நடந்தது, ஏன் ஓடி வந்தான் என்று அவனுடைய அகதி விண்ணப்பத்தைப் பக்கம் பக்கமாக எழுதிக் கொடுத்தவன் நான்தான். அவனை ஏற்றுக்கொண்டார்கள். என்னை இல்லை என்றுவிட்டார்கள். ஊரில் நடந்ததற்கு முதல் நேர்காணலில் ஒரு மாதம் சொன்னேனாம், இரண்டாவதில் வேறொரு மாதம் சொன்னேனாம், ஆகையால் நான் சொல்கிற எதையும் நம்ப முடியாதாம். இப்போது அவனிடம் நிரந்தர விசா. நான் இன்னும் பிரிட்ஜிங் விசா என்கிற தற்காலிக விசாவில் தொங்கிக்கொண்டு நிற்கிறேன். ஊருக்குப் போனால் திரும்பி வர ஏலாது, இருந்தால் குடும்பத்தைக் கூப்பிட ஏலாது. மகளை விட்டுவிட்டு வரும்போது அவளுக்கு இரண்டு வயது. இப்போது வீடியோவில் வந்து "சாப்பிட்டீங்களா அப்பா?" என்று கேட்டுவிட்டு, "அம்மாட்டைக் குடுக்கிறன்" என்று எழும்பிப் போய்விடுகிறாள். தாயை விட உயர்ந்துவிட்டாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, கிரான்பர்னில் நான் அறை எடுத்திருக்கும் வீட்டு வாசலில் வந்து ஹோர்ன் அடித்தான்.

"வெளிக்கிடு மச்சான்."

"எங்கை?"

"சும்மாதான். ஒரு சுத்துச் சுத்திப்போட்டு வருவம்."

எனக்குச் சந்தேகம் வந்தது. இவன் சும்மா சுத்துகிற ஆள் இல்லை. மீன் வாங்க ஸ்பிரிங்வேல் போவதையே பெரிய பயணமாக நினைக்கிறவன். ஆனாலும் சாரத்தைக் கழற்றிக் காற்சட்டையை மாட்டிக்கொண்டு ஏறினேன். வீட்டில் இருந்து சுவரைப் பார்ப்பதற்கு இது பரவாயில்லை.

ஹீல்ஸ்வில் வந்தது. "இன்னும் கொஞ்சம் போவம்" என்றான். மலைத் தெருவில் ஏறி மேரிஸ்வில் வந்தது. தெரு முழுக்க மரங்கள் சிவப்பும் மஞ்சளுமாக நின்றன. சனம் இலைகளை அள்ளி மேலே எறிந்து படம் எடுத்துக்கொண்டிருந்தது. ஒரு வெள்ளைக்காரக் கிழவனும் கிழவியும் மர வாங்கில் குந்தியிருந்து பிளாஸ்கில் கொண்டுவந்த தேத்தண்ணியை ஒரே கோப்பையில் மாறி மாறிக் குடித்தார்கள். எனக்கு அவர்களைப் பார்க்கவும் எரிச்சல். அவனோ மரத்துக்கு மரம் நின்று படம் எடுத்து ஊரில் இருக்கும் தன் மனுசிக்கு அனுப்பினான். அனுப்பிய கையோடு போன் அடிக்கும். அடித்தவுடன் காருக்குப் பின்னால் போய் நின்று குசுகுசுத்துவிட்டு, முகத்தைச் சாதுவாக வைத்துக்கொண்டு திரும்பி வருவான். என் முன்னால் சந்தோசப்படக் கூடாதாம். அட, இந்த இரக்கம் ஆருக்கடா வேணும்? நேராகச் சிரித்துத் தொலைத்திருந்தால் எனக்கு இவ்வளவு பத்தி எரிந்திருக்காது.

மேரிஸ்வில்லுக்கு அப்பாலும் காரை விட்டான். வழியில் ஒரு சின்ன ஊர். ஒரு கடை, பூட்டிக்கிடந்த ஒரு மண்டபம், ஆற்றங்கரையில் ஒரு மேசை. அவ்வளவுதான். காரை நிறுத்தி, சீற்றுக்கு அடியில் இருந்து ஒரு பிளாஸ்ரிக் பையை இழுத்தான். உள்ளே அச்செடுத்த ஒரு கட்டுக் காகிதம்.

"மனுசியைக் கூப்பிடுற விண்ணப்பம்" என்றான், என் முகத்தைப் பாராமல். "நானே தட்டித் தட்டி நிரப்பினனான். எல்லாம் ஒன்லைனிலை ஏத்தியாச்சு, இனி அனுப்புறது மட்டும்தான் மிச்சம். நீ ஒருக்காப் பாத்துச் சொல்லிப்போட்டாயெண்டால் போனிலையே அமத்திவிடுவன்."

இதுதானா விசயம்! கேட்க வாய் வராமல், காலையிலிருந்து என்னை ஊர் ஊராக ஏற்றி இறக்கியிருக்கிறான் மனுசன்.

பார்த்தேன். பரவாயில்லாமல்தான் நிரப்பியிருந்தான். நாலாவது பக்கத்தில் கலியாணத் திகதி. அதில் என் கண் நின்றது.

எங்கள் ஊரில் பதிவுகாரர் முதலில் வந்து எழுத்து, அதாவது கலியாணப் பதிவு, எழுதிப்போட்டுப் போவார். தாலி கட்டு நல்ல நாள் பார்த்துப் பிறகு நடக்கும். இவனுக்கு இரண்டுக்கும் இடையில் மூன்று மாதம். சட்டத்துக்கு எழுத்து நடந்த நாள்தான் கலியாணம். அகதி விண்ணப்பத்தில் அந்தத் திகதியைத்தான் நான் எழுதினேன், என் கையால் எழுதியது, மறக்குமா? இவன் இப்போது தாலி கட்டின நாளைப் போட்டு வைத்திருக்கிறான். அன்றைக்குச் சொன்னது ஒன்று, இன்றைக்குச் சொல்வது வேறொன்று. என்னை விழுத்தியதும் இதே மாதிரி மாதம் மாறிப்போன கதைதான்.

"எல்லாம் சரியோ?" என்றான்.

"ஓம். எல்லாம் சரி."

அப்படியே என் வாயில் வந்தது. வஞ்சகம் இல்லாமல் சொல்கிறேன், வாய் தவறி வரவில்லை. தெரிந்துதான் சொன்னேன்.

போனை எடுத்துப் பார்த்தான். சிக்னல் ஒரு கோடும் இல்லை. "பரவாயில்லை, அங்காலை அலெக்சாண்ட்ரா வருது. அதிலை அனுப்புவம்" என்று காரை எடுத்தான்.

அரை மணித்தியாலத்துக்கு மேல் ஓட்டம். இரண்டு பக்கமும் மாடுகள், புல்வெளி, உயர்ந்த பொப்லர் மரங்கள்.  கெடட்டும் என்று நினைத்தேன். ஒரேயடியாக இல்லாவிட்டாலும் ஒரு வருசம், இரண்டு வருசம் இழுபடட்டும். என்னைப் போல அவனும் இன்னும் கொஞ்சக் காலம் போன் கண்ணாடியைத் தடவிக்கொண்டு கிடக்கட்டும். நான் என்ன பிழையாக எழுதிக் கொடுத்தேனா? அவன் எழுதினது, அவன் பாடு.

அவன் வாய் ஓயாமல் கதைத்தான். காகிதத்தைக் காட்டிய பிறகு அவனுக்கு வெட்கம் விட்டுப்போய்விட்டது. "அவளுக்குக் குளிர் ஒத்துக்கொள்ளாது மச்சான், தடிச்ச போர்வையாப் பாத்து வாங்கவேணும். அடுத்த இலைகொட்டுற நேரம் அவளையும் கூட்டிக்கொண்டு இந்தத் தெருவாலைதான் வருவம். நீ முன்னுக்கு இரு, அவள் பின்னுக்கு இருப்பாள்."

எனக்கு இடம் வேறு ஒதுக்கி வைத்திருக்கிறான்! காரை விட்டுக் குதிக்கலாம் போல இருந்தது.

அலெக்சாண்ட்ராவில் நுழைந்ததும் போன் டிங் டிங் என்று கத்தியது. ஓரம் கட்டினான். கும்பிட்டுவிட்டு விரலைக் கொண்டுபோனான். அந்த நேரம் எனக்கு வந்த மறுப்புக் கடிதம்தான் கண்ணுக்குள் நின்றது. அதை வாசித்த அன்றைக்கு மனுசியிடம் என்ன சொல்வது என்று தெரியாமல், போன் அடிக்க அடிக்கக் குளியலறைக்குள் இருந்தேன். அது இவனுக்கும் வரவேண்டுமா?

"பொறு" என்றேன். "கலியாணத் திகதி பிழை. எழுத்து நடந்த நாள்தான் போடவேணும். முந்தி அதைத்தான் குடுத்தனாங்கள்."

அவனுக்கு முகம் வெளிறிப்போனது. விரலைப் போனிலிருந்து எடுத்தான். பிறகு, "இப்பதான் ஞாபகம் வந்ததோ?" என்று கேட்டான்.

ஓம் என்று சொல்லித் தப்பியிருக்கலாம். அவனே வழி விட்டுத் தந்தான்.

"இல்லை. ஆத்தங்கரையிலையே கண்டனான்."

"பிறகேன் சொல்லேல்லை?"

"எரிச்சல்."

போனில் அந்தப் பக்கத்தைத் தேடி எடுத்தான். பிறகு திகதியை மாற்றினான், என்னிடம் நீட்டிக் காட்டினான், நான் தலையாட்டியதும் அமத்தினான். போய்விட்டது.

"நல்ல காலம், சொன்னாய்" என்றான். "இறங்கு, பசிக்குது."

"டேய், என்னை ஏசனடா" என்றேன்.  "ரெண்டு தூசணமாவது சொல்லன்."

"விசரா உனக்கு? பன்ரண்டு வருசமா மனுசியைக் காணாமல் இருக்கிறவனுக்கு எரிச்சல் வராதோ? வா, சாப்பிடுவம்."

பேக்கரியைப் பார்த்து முன்னால் நடந்தான். நான் காரிலேயே இருந்தேன். விசாவை அவனுக்குக் கொடுத்தார்கள், சரி, விடு. இந்த மனதையுமா அவனுக்கே கொடுக்கவேணும்?