அம்மாவோடு படையில் இருந்தவள்

அவளைப் பெரியம்மா என்று கூப்பிடச் சொல்லித்தான் என்னை வளர்த்தார்கள். நான் ஒரு நாளும் கூப்பிட்டதில்லை. இங்கேயும் ‘அவள்’ என்றுதான் எழுதப்போகிறேன். இந்த வயதில் எனக்கு மரியாதை சொல்லித்தர யாராவது வந்தால் வரட்டும், பார்த்துக்கொள்கிறேன்.

அவள் எங்களுக்குச் சொந்தமே இல்லை. மலேயாவில் ஒரு ரப்பர் தோட்டத்தில் என் அம்மாவும் அவளும் அடுத்தடுத்த வீட்டுப் பிள்ளைகள். விடியுமுன் எழுந்து ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போனவர்கள். யுத்தம் வந்தது. இந்தியாவின் விடுதலைக்காகப் பெண்களுக்கென்று தனிப்படை சேர்க்கிறார்கள் என்று தோட்டத்துக்கு ஆள் வந்தபோது, இந்தியாவைக் கண்ணால்கூடப் பார்த்திராத இந்த இரண்டு பேரும் போய்ப் பெயர் கொடுத்தார்கள். முடியை வெட்டிக்கொண்டு, கால்சட்டை மாட்டிக்கொண்டு, துப்பாக்கி பிடிக்கப் பழகி, பர்மா வரைக்கும் போனார்கள். படை தோற்றுக் கலைந்தது. பிறகு கப்பலேறி இங்கே வந்தார்கள். அம்மா போடிக்குப் பக்கத்து ஊரான சிலமலையில், காடு கரை வைத்திருந்த ஒரு சம்சாரிக்கு வாழ்க்கைப்பட்டாள். அவள் கல்யாணமே வேண்டாம் என்று போடிமெட்டுக்கு மேலே ஏலத்தோட்டத்துக்குக் காய் எடுக்கப் போய்விட்டாள். இவ்வளவும் அப்பா சொல்லித் தெரிந்ததுதான். அம்மா வாயே திறந்ததில்லை.

நானும் சின்னப் பிள்ளையிலிருந்து கேட்டுக் கேட்டு அலுத்துப்போனேன்.

“யாரையாச்சும் சுட்டியாம்மா?”

“போயி மாட்டுக்குத் தண்ணி காட்டு.”

“துப்பாக்கி எம்புட்டுக் கனம் இருக்கும்?”

“சோலியப் பாருடி.”

ஒரு சுதந்திர தினத்துக்குக் கொடியேற்ற அம்மா வரவேண்டும் என்று பள்ளிக்கூடத்து வாத்தியார் வீடு தேடி வந்து கேட்டார். கடலைக்குக் களை எடுக்க ஆள் வருகிறது என்று சொல்லி அவரையும் அனுப்பிவிட்டாள். எங்கம்மாதான் கொடி ஏத்தும் என்று நான் வகுப்பு முழுக்கச் சொல்லி வைத்திருந்தேன். மானமே போனது.

ஆனால் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் மலையிலிருந்து ஜீப்பில் போடிக்கு இறங்கி, அங்கிருந்து பஸ் பிடித்து வருவாள் பாருங்கள், அன்றைக்கு எங்கள் வீட்டில் இருப்பது வேறு ஒரு பொம்பளை. வாசலில் நின்று காலைச் சேர்த்து வைத்து விறைப்பாக ஒரு சல்யூட் அடிப்பாள். அம்மா மாவுக் கையோடு எழுந்து நின்று பதிலுக்கு அடிப்பாள். உடனே இரண்டு பேருக்கும் சிரிப்பு பொத்துக்கொண்டு வரும்.

“வந்துருச்சுப்பா பட்டாளம்! இனி நமக்கு இன்னைக்குச் சோறு கெடச்ச மாதிரித்தான்” என்பார் அப்பா. அவருக்கு அது வேடிக்கை. எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஒரு நாள் வயலிலிருந்து வந்த அம்மாவுக்கு முன்னால் நானும் அதே மாதிரி நின்று சல்யூட் அடித்தேன். கண்ணாடி முன்னால் நின்று பழகியிருந்தேன். அம்மா சிரிக்கவில்லை. “கையக் கீழ போடு. அது வெளையாட்டு இல்ல” என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். அன்றைக்கு நான் சாப்பிடவில்லை. ஏன் என்று ஒருத்தரும் கேட்கவும் இல்லை.

சாப்பாடு என்றதும் நினைவு வருகிறது. அம்மா எங்களோடு உட்கார்ந்து சாப்பிட்டதே கிடையாது. எல்லோரும் சாப்பிட்ட பிறகு சட்டியில் மிஞ்சியதை வழித்துத் தின்பாள். அவள் வந்தால் மட்டும் காலை நீட்டி உட்கார்ந்து ஒரே தட்டில் இரண்டு பேரும் சாப்பிடுவார்கள். ஒரு முட்டை இருந்தாலும் சரிபாதி. காட்டில் அப்படிப் பழகிவிட்டதாம். பேச்சு முழுக்க மலாய் பாஷை. நான் பக்கத்தில் போய்ச் சாக்குப்போக்கு சொல்லி நின்றால் குரல் தணிந்துவிடும். என் அம்மாவுக்குச் சிரிக்கத் தெரியும், கதை சொல்லத் தெரியும், ஒருத்தியின் தோளில் தலை சாய்க்கத் தெரியும். எல்லாம் அவளுக்குத்தான். வயிறு எரியாமல் என்ன செய்யும்? அவளும் நானும் எதிரெதிரே நின்றால், ஒரே ஒரு தடவையாவது அம்மா என் பக்கம் வரவேண்டும். எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

எழுபதுகளின் கடைசியில் தலைப்பிரசவத்துக்கு என்னைத் தாய் வீட்டுக்குக் கூட்டிவந்தார்கள். ஆகா, அந்த நாட்களைச் சொல்லவேண்டும்! அம்மா எனக்குத் தலை வாரிவிட்டாள். வீங்கின காலைப் பிடித்துவிட்டாள். கேட்டதையெல்லாம் செய்து கொடுத்தாள். அந்த மாதம் அவள் வரவில்லை. எனக்குச் சந்தோஷம், மறைப்பானேன்.

ஒன்பதாவது மாதம் வீட்டு வாசலில் ஒரு ஜீப்பு வந்து நின்றது. மலைத்தோட்டத்துக்கு லோடு ஏற்றி இறக்கும் டிரைவர். “மலையில அக்காவுக்கு ரொம்ப முடியலம்மா. காய்ச்சல் இறங்க மாட்டேங்குது. ஆசுபத்திரிக்கு வரமாட்டேன்னு அடம் புடிக்காக. உங்களத்தான் கேக்காக. வெரசா வந்தீகன்னா இப்பவே கூட்டிட்டுப் போயிருவேன்” என்றார்.

நான் திரும்பிப் பார்ப்பதற்குள் அம்மா பையில் சேலையைத் திணித்துக்கொண்டிருந்தாள். நான் போய் நிலைப்படியை மறித்து நின்றேன். வயிறே பாதி வாசலை அடைத்தது.

“எனக்கு நாள் நெருங்கிருச்சும்மா.”

“தெரியும்த்தா. அப்பா இருக்காரு. அத்தை எதுத்த வீட்லதான் இருக்கா. போடியில ஆசுபத்திரி இருக்கு. அவளுக்கு என்ன இருக்கு?”

“தலப்பிரசவத்துல பெத்தவ பக்கத்துல இல்லைன்னா ஊரு காறித் துப்பும்.”

“துப்பட்டும்.”

“அப்ப என்னைய விட அவதான் ஒனக்குப் பெருசு?”

அம்மா பையைக் கீழே வைத்தாள். டிரைவர் நாகரிகமாக வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

“பர்மாவுல இருந்து திரும்பி நடக்கையில எனக்குக் காய்ச்சல்டி. ஒரு மரத்தடியில உக்காந்துட்டேன். என்னால ஆகாது, நீ போடின்னேன். வரிசை அது பாட்டுக்குப் போகுது. மேல ஏரோப்ளேன் சத்தம். எவளும் நிக்கல, நிக்கவும் முடியாது. அவ மட்டும் வந்து பக்கத்துல உக்காந்துக்கிட்டா. நீ எந்திரிச்சா நானும் எந்திரிக்கிறேன், இல்லைன்னா ரெண்டு பேரும் இங்கனயே கெடந்து சாவோம்னா. அவ சாகக்கூடாதுன்னுதான் எந்திரிச்சேன். அன்னைக்கு எந்திரிக்கலேன்னா நீ ஏது?”

எத்தனை வருஷம் கெஞ்சியிருப்பேன், அந்தச் சண்டையைப் பற்றி ஒரு வார்த்தை சொல் என்று! கடைசியில் வாயைத் திறந்தாள். எதற்கு? என்னை விட்டுவிட்டுப் போவதற்கு.

“அந்த ஜீப்புல ஏறுனேன்னா இனிமே என் மூஞ்சியில முழிக்காத” என்றேன். அம்மா என் தோளைப் பிடித்து மெதுவாக ஒதுக்கிவிட்டு, பையை எடுத்துக்கொண்டு போய் ஏறிவிட்டாள்.

அந்த வாரமே வலி வந்தது. அப்பாவும் அத்தையும்தான் போடிக்குக் கூட்டிப்போனார்கள். வலி என்றால் எல்லோரும் அம்மா என்றுதான் கத்துவார்கள். அந்த ஒரு வார்த்தை என் வாயில் வரவே கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தேன். “கத்திரு தாயி, கத்திரு” என்று நர்சு கெஞ்சினாள். கடைசியில் கத்தித் தொலைத்தேன். பெண் பிள்ளை பிறந்தது.

பிள்ளையோடு நான் வீடு வந்து சேர்ந்த பிறகுதான் அம்மா மலையிலிருந்து இறங்கி வந்தாள். அவளை அங்கேயே அடக்கம் செய்துவிட்டு வந்திருந்தாள். குளித்துவிட்டு வந்து பிள்ளையைக் கையில் வாங்கி ரொம்ப நேரம் பார்த்தாள். அழவில்லை. பிறகு, அதுவரை என்னிடம் பேசியே இராத ஒரு குரலில் கேட்டாள்.

“இவளுக்கு அவ பேர வச்சிருவமாத்தா?”

“செத்தும் என்னைய விடமாட்டாளா அவ?” என்று கத்தினேன். “வேற எந்தப் பேரு வேணும்னாலும் வை. அந்தப் பேரு மட்டும் என் பிள்ளைக்கு வேணாம்.”

“சரித்தா” என்றாள் அம்மா.

என் மாமியார் பெயரை வைத்தோம். பேர் வைக்கிற விசேஷத்துக்கு அம்மாவும் வந்தாள், பிள்ளையின் காதில் அந்தப் பெயரையே சொன்னாள், விருந்து சாப்பிட்டாள். ஒருவழியாக ஜெயித்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். புருஷன் வீட்டுக்குத் திரும்பிய பிறகும், அறுப்புக்கும் நடவுக்கும் பிள்ளையை அடிக்கடி அம்மாவிடம் விட்டுவிட்டுப் போனேன். அம்மாவும் முகம் சுளிக்காமல் வளர்த்தாள்.

பிள்ளை தவழ ஆரம்பித்திருந்த ஒரு பொங்கலுக்குச் சிலமலை போயிருந்தேன். கொல்லையில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தேன். அந்தப் பக்கம் அம்மா கடலை உடைத்துக்கொண்டிருந்தாள். இந்தப் பக்கம் பிள்ளை கோழியைப் பார்த்துக்கொண்டிருந்தது. நான் பேர் சொல்லிக் கூப்பிட்டேன். திரும்பவில்லை. இன்னும் சத்தமாகக் கூப்பிட்டேன். கோழியைத்தான் பார்த்தது.

அம்மா நிமிரக்கூட இல்லை. கடலையிலேயே கண்ணை வைத்துக்கொண்டு, தனக்குத்தானே பேசுகிற மாதிரி, மெதுவாக அவள் பெயரைச் சொன்னாள். என் பிள்ளை சட்டென்று திரும்பிச் சிரித்தது. அம்மாவை நோக்கித் தவழ்ந்து வந்தது. நடுவில் நீட்டியிருந்த என் காலின் மேல் ஏறி, இறங்கி, போய்விட்டது.