தேனீக்கள் ஏறிய ஜீப்

அவளை எல்லோரும் டிக்கெட்டம்மா என்றுதான் கூப்பிட்டார்கள். பேருந்து நிலையத்தில் டிக்கெட் கொடுக்கும் வேலையை அவள் விட்டு வருஷக்கணக்காகிவிட்டது. இப்போது தொழில் தேனீ வளர்ப்பு. பெயர் மட்டும் விட்டுப்போகவில்லை. தேன் வாங்க வருகிறவர்கள்கூட வாசலில் நின்று, "டிக்கெட்டம்மா, ஒரு பாட்டில்" என்பார்கள். அவளும் பழைய பழக்கத்தில் "எந்த ஊருக்கு?" என்று கேட்டுவிட்டு, பிறகு தானே சிரிப்பாள்.

இந்தத் தொழிலும் அந்தக் கவுன்ட்டரில் ஆரம்பித்ததுதான். ஒரு மத்தியானம், பேருந்துகள் எல்லாம் வெயிலில் கிறங்கி நின்ற நேரம். எங்கிருந்தோ ஒரு தேனீக்கூட்டம் வந்து அவளுடைய ஜன்னல் கம்பியில் கொத்தாகத் தொங்கியது. வரிசையில் நின்றவர்கள் துண்டைக் காணோம் துணியைக் காணோம் என்று ஓடினார்கள். மேலாளர் தன் அறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார். அவள் மட்டும் எழுந்திருக்கவில்லை. பயமில்லாமல் இல்லை, அந்த ரீங்காரம் அவளைப் பிடித்து உட்கார வைத்திருந்தது. தூரத்தில் யாரோ ஒரே சுருதியைப் பிடித்துக்கொண்டு விடாமல் இருப்பது போல, கேட்கக் கேட்க உடம்பு லேசாகிக்கொண்டே போனது. சாயங்காலம் அந்தக் கூட்டம் கிளம்பிப் போனதும் நிலையமே காலியானது போலிருந்தது அவளுக்கு. அத்தனை ஜனங்களும் திரும்பி வந்திருந்தார்கள் என்பது வேறு விஷயம்.

சீக்கிரமே ஒரு பெட்டி வாங்கினாள். கொட்டு வாங்கி, முகம் வீங்கி, கண் திறக்க முடியாமல் கிடந்து கற்றுக்கொண்டாள். ஒரு பெட்டி பல பெட்டிகளாயிற்று. வேலையை விட்டாள்.

அவள் கணவர் வீடுகளுக்குப் பெயிண்ட் அடிப்பவர். பேருந்தில் ஏறினால் அவருக்கு வயிற்றைப் புரட்டும். ஸ்டியரிங் தன் கையில் இருந்தால் மட்டும் ஒன்றும் ஆகாது. அதனால் டிக்கெட் கொடுக்கிறவளைக் கட்டிக்கொண்டும் இருவரும் சேர்ந்து பஸ்ஸில் எங்கேயும் போனதில்லை. பெட்டிகளைக் கொண்டுபோக ஒரு பழைய ஜீப் வாங்கியபோது, அவளைவிட அவருக்குத்தான் சந்தோஷம் அதிகம். வேலையில் மிஞ்சிய பெயிண்டையெல்லாம் அதற்கு அடித்தார். ஒரு கதவு யார் வீட்டுச் சமையலறையின் மஞ்சளோ, இன்னொரு கதவு யார் படுக்கையறையின் நீலமோ.

பூக்காலத்தில் மலைக்கு மேலே மரங்கள் ஒரே சமயத்தில் வெள்ளையாகப் பூக்கும். கீழேயிருந்து பார்த்தால் மேகம் வந்து படுத்துவிட்டு எழுந்திருக்க மனமில்லாமல் கிடப்பது போலத் தெரியும். அந்தப் பூவுக்காக வருஷா வருஷம் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு இருவரும் போவார்கள். உருண்டைக் கற்கள் கிடக்கும் வறண்ட ஆற்றைக் கடந்து, ஒரு மண்பாதையில் ஏற வேண்டும். ஒரு வருஷம் மழை அந்தப் பாதையை அரித்துவிட்டது. சக்கரம் போகும் இரண்டு தடமும் பள்ளமாகி, நடுமண் முதுகு போல உயர்ந்து நின்றது. ஜீப்பின் அடிவயிறு அதில் உரசி உரசி ஏறியது. ஓரிடத்தில் சக்கரங்கள் தரையில் பாவாமல் சுற்ற, ஜீப் அந்த முதுகின் மேல் உட்கார்ந்தே விட்டது. இருவரும் மண்ணைப் பறித்து அதை விடுவித்தார்கள்.

மெக்கானிக் அவளுடைய பெரியம்மா மகன். அவர் ஜீப்புக்கு அடியில் படுத்துப் பார்த்துவிட்டு, வண்டியை உயர்த்தினால்தான் ஆகும் என்றார். வளைந்த இரும்புப் பட்டைகள் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கியிருப்பதுதான் அந்த ஜீப்பின் ஸ்பிரிங். இன்னும் கொஞ்சம் வளைவு கூடிய பட்டைகளைப் போட்டால் வண்டி அந்த அளவுக்கு மேலே நிற்கும்.

நான்கு அங்குலம் உயர்த்திவிடலாம் என்றார் கணவர். ஸ்பிரிங் விற்கும் கடை வாசலில் அப்படி ஒரு ஜீப் நிற்பதைப் பார்த்து வந்திருந்தார். ராஜா மாதிரி நிற்கிறதாம். மெக்கானிக் மச்சினனாயிற்றே, சும்மா விடுவாரா. ராஜா சரிவில் திரும்பும்போது குப்புற விழுவார், பரவாயில்லையா மாப்பிள்ளை என்று கேட்டார். உயரம் கூடக் கூட வண்டி சாயும் பயமும் கூடும். பிரேக் குழாய் எட்டாது. அடியில் சுழலும் தண்டு கோணலாகி உதறும். இரண்டு அங்குலம் போதும் என்று முடிவாயிற்று.

பிறகு கடைக்காரர், எவ்வளவு பாரம் ஏற்றுவீர்கள் என்று கேட்டார். அவள் யோசித்தது இறங்கி வரும் பயணத்தை. டின் டின்னாகத் தேன், தேனடை எடுத்த காலி மரச்சட்டங்கள், கூடாரம். தேன் தண்ணீரைவிடக் கனம். ஜீப் பின்பக்கம் உட்கார்ந்துகொண்டுதான் ஒவ்வொரு வருஷமும் வீட்டுக்கு வரும். அதைச் சொன்னாள். இருப்பதிலேயே கெட்டியான பட்டைகளைக் கடைக்காரர் எடுத்துக் கொடுத்தார். மெக்கானிக்கும் அதுதான் சரி என்றார். ஷாக் அப்சார்பர்கள் பழசே இருக்கட்டும் என்று விட்டுவிட்டார்கள்.

அடுத்த பூக்காலத்தில், விடியும்போது பெட்டிகளின் வாசலை வலையால் அடைத்து ஏற்றினார்கள். பாதையின் நடுமுதுகு இந்த முறை எங்கேயும் இடிக்கவில்லை. ஆனால் ஆற்றில் இறங்கியதுமே ஜீப் குதிக்க ஆரம்பித்தது. போகும்போது பெட்டிகள் லேசு. அந்தப் பாரத்துக்கு அந்தப் பட்டைகள் கொஞ்சமும் வளைந்து கொடுக்கவில்லை. ஒவ்வொரு கல்லும் அவள் பல்லில் வந்து தட்டியது. மெல்லப் போகச் சொன்னாள். ஊர்ந்தே போனார்கள். அப்படியும் பின்னாலிருந்து வந்த ரீங்காரம் மாறிக்கொண்டே போய், கடைசியில் ஒரு முனகலாயிற்று.

மேலே போய் ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டே வந்தவள் நான்காவது பெட்டியில் நின்றாள். புதிதாகக் கட்டிய தேனடைகள் காகிதம் போல மெல்லியவை. எல்லாம் அறுந்து அடியில் கிடந்தன. கசிந்த தேனில் தேனீக்கள் மூழ்கியிருந்தன. ராணித் தேனீ இரண்டு அடைகளுக்கு நடுவில் நசுங்கியிருந்தது.

அவள் ஒரு கோழியிறகை எடுத்து, உயிருள்ளவற்றை ஒவ்வொன்றாகத் தூக்கி வெயில் விழும் ஒரு பாறையின் மேல் வைத்தாள். இறக்கை ஒட்டிப்போய் அவை தத்தித் தத்தி நடந்தன. பக்கத்துப் பெட்டியிலிருந்து சில வந்து, அவற்றின் மேலிருந்த தேனை நக்கித் துடைத்தன. துடைத்ததில் சில பறந்தன. கணவர் குடையைப் பிடித்துக்கொண்டு நின்றார். வெயில் வேண்டியது தேனீக்களுக்கு, அவளுக்கு வேண்டாம் என்று அவராக முடிவு செய்து, நிழலை அவள் முதுகில் மட்டும் விழும்படி பிடித்திருந்தார்.

அந்த வருஷம் முழுவதும் அவள் கனவில் ஜீப் வந்தது. சக்கரம் இல்லாத ஜீப். பூக்களின் மேல், தரையில் படாமல், ஒரு சத்தமும் இல்லாமல் போய்க்கொண்டே இருக்கும். விழித்ததும் கணவரிடம் சொல்வாள். உனக்கு வேண்டியது ஜீப் இல்லை, படகு என்பார் அவர்.

அடுத்த பூக்காலம் நெருங்குமுன் பட்டறைக்குப் போனாள். மெக்கானிக் அவளை ஒரு டயரின் மேல் உட்கார வைத்து, டீ வரவழைத்தார். தானும் தப்பாகச் சொல்லிவிட்டதாக அவருக்கு உறுத்தல் இருந்தது. டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்.

"ஒண்ணு கேக்கறேன் தங்கச்சி. உனக்கு ஸ்பிரிங் எதுக்கு வேணும், ஏறிப் போறதுக்கா, இறங்கி வர்றதுக்கா? ரெண்டுக்கும் சேத்துக் கேட்டா ரெண்டும் கெடும்."

பட்டறையில் எங்கோ சொட்டுச் சொட்டாக எண்ணெய் விழுந்துகொண்டிருந்தது.

"ஏறிப் போறதுக்குத்தான் அண்ணே," என்றாள். "தேனு இடிபட்டாலும் தேனுதான். அத ரெண்டு மூணு தடவையா கொஞ்சம் கொஞ்சமா இறக்கிக்கறோம்."

கெட்டிப் பட்டைகளைக் கல் ஏற்றும் ஒரு ஜீப்காரர் வாங்கிக்கொண்டார். அதே இரண்டு அங்குல உயரம், ஆனால் மெல்லிய பட்டைகளாகக் கோத்த ஸ்பிரிங் வந்து சேர்ந்தது. அதைப் பூட்டியதும், தேனீக்களின் இடத்தில் தானே படுத்துப் பார்க்கப் போவதாக அவள் சொன்னாள். கணவர் மச்சினனைப் பார்த்தார். உங்க வீட்டுப் பொண்ணு, நீங்களே சொல்லுங்க என்பது போல. மெக்கானிக் ஒரு சாக்கை உதறிக் கொடுத்தார்.

பெட்டிகளின் கனத்துக்கு மணல்மூட்டைகளை அடுக்கி, நடுவில் சாக்கை விரித்துப் படுத்துக்கொண்டாள். கணவர் ஆற்றில் இறக்கினார். இந்த முறை கல் பல்லில் தட்டவில்லை. ஆனால் ஒரு பள்ளத்தில் இறங்கி எழுந்த ஜீப், அதன் பிறகும் ஆடிக்கொண்டே இருந்தது. மேலே, கீழே, மேலே, கீழே. சக்கரம் ஆழமான குழியில் தொங்கும்போது அடியில் 'டங்' என்று எதுவோ இழுத்துப் பிடித்தது. அவள் எழுந்து உட்கார்ந்து, வண்டியை நிறுத்தச் சொல்லி, கரையோரமாக ஓடிப்போய் வாந்தி எடுத்தாள்.

"இப்பத் தெரியுதா பஸ்ல நான் படற பாடு?" என்றார் கணவர். தண்ணீரைக் கொண்டுவந்து கொடுத்த பிறகுதான் கேட்டார்.

பட்டறையில் மெக்கானிக் அந்த 'டங்' சத்தத்தைப் பற்றிக் கேட்டுத் தலையாட்டினார். ஸ்பிரிங் தாங்கத்தான் தாங்கும், ஆட்டத்தை அடக்குவது ஷாக் அப்சார்பரின் வேலை என்று விளக்கினார். பழசுக்கு அடக்குகிற சத்து போய்விட்டது. நீளமும் போதாது, வண்டி உயர்ந்துவிட்டதால் சக்கரம் தொங்கும்போது அது கடைசிவரை இழுபட்டு அடிக்கிறது. கடையிலிருந்து நீளமானதாக இரண்டு வகை எடுத்து வந்தார். முதல் வகை வேகமாகப் போகிறவர்களுக்கானது, விறைப்பாக இருந்தது. அதைப் போட்டதும் சின்னக் கல்லெல்லாம் மறுபடி முதுகில் எண்ணக் கிடைத்தது. கழற்றிவிட்டு மற்றதைப் பூட்டினார்.

அவள் மறுபடி படுத்தாள். மத்தியானம் சாய்ந்திருந்தது. மேலே கிளைகள் நகர்ந்தன. இடுக்கில் தெரிந்த வானம் ஒரு துண்டு வந்து ஒரு துண்டு போயிற்று. பள்ளத்தில் ஜீப் தாழ்ந்தது, எழுந்தது, ஆட்டம் அதோடு அடங்கிவிட்டது. கல்லின் மேல் ஏறியது அவளுக்குத் தெரிந்தது. ஆனால் பக்கத்து அறையில் யாரோ நாற்காலியை நகர்த்துவது போலத்தான் தெரிந்தது. இன்ஜின் ஓசை பலகை வழியாக முதுகுக்கு வந்து, முதுகிலிருந்து காதுக்கு வந்தது. கவுன்ட்டர் ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பதாகவும், வரிசையில் யாருமே இல்லை என்றும், போக வேண்டிய ஊரைக் கம்பிக்கு வெளியே மரங்கள் சொல்லிக்கொண்டிருப்பதாகவும் அவளுக்குத் தோன்றியது.

அக்கரையில் ஜீப்பை நிறுத்திவிட்டு, கணவர் எப்படி இருந்தது என்று திரும்பாமலே கேட்டார். பதில் இல்லை. இறங்கிப் பின்னால் போய்ப் பார்த்தார். கை இரண்டையும் வயிற்றில் வைத்து, வாய் லேசாகத் திறந்து, அவள் ஆழ்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள். அவர் எழுப்பவில்லை. தான் வண்டி ஓட்டி ஒருத்தர் தூங்கியது இதுதான் முதல் தடவை என்று பிற்பாடு பட்டறையில் போய்ப் பெருமையாகச் சொன்னார். மச்சினனும் அன்று கிண்டல் செய்யவில்லை.

பூக்காலம் வந்தது. பெட்டிகளோடு ஆற்றைக் கடந்து, மண்பாதையில் ஏறி, வெள்ளை மரங்களுக்கடியில் போய் நின்றார்கள். வழியெல்லாம் பின்னாலிருந்து வந்த ரீங்காரத்தின் சுருதி மாறவே இல்லை. கொஞ்ச நேரம் பெட்டிகளின் அசைவு அடங்கட்டும் என்று காத்திருந்துவிட்டு, ஒவ்வொரு வாசலாக வலையை எடுத்தாள். அவை கோபமாகச் சீறிக்கொண்டு வரவில்லை. ஒன்றிரண்டாக வந்து, பெட்டியைப் பார்த்தபடி காற்றில் சின்ன வட்டம் போட்டன. பிறகு கொஞ்சம் பெரிய வட்டம்.

ஏன் பூவுக்குப் போகாமல் இங்கேயே சுற்றுகின்றன என்று கணவர் கேட்டார்.

"புது இடமில்ல? வீட்ட அடையாளம் பாத்து வச்சுக்குதுங்க," என்றாள்.

இருவரும் ஜீப்பின் பின்பலகையில் ஏறி உட்கார்ந்தார்கள். முன்பெல்லாம் அங்கே உட்கார்ந்தால் அவள் கால் தரையைத் தொடும். இப்போது தொடவில்லை. புல்லுக்கு மேலே செருப்பில்லாத காலை ஆட்டிக்கொண்டு, வட்டங்கள் அகலமாகி அகலமாகிப் பூக்களுக்குள் கலைவதை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.