முதலாளி தீட்டிக் குடுத்த டிப்

ரிங்லெட் டவுன்ல, இரும்பு கடையற லேத் பட்டறையில என்கூட வேலை செய்யற குமார் அண்ணனுக்கு இடது கண்ணு போயிருச்சு. ஈப்போவுல ஆப்பரேஷன் முடிச்சு நேத்து வீட்டுக்குக் கொண்டாந்துட்டாங்க. இன்னிக்குக் காலையில போய்ப் பாத்தேன்.

தேயிலை பேக்டரிக்கு ஷாப்ட் கடையும்போது, இரும்பை வெட்டுற டிப் உடைஞ்சு கண்ணுல தெறிச்சிருச்சு.

பொன் கலர்ல இருக்குமே, அந்த டிப்தான். முடியை விட மெல்லிசா, அடுக்கு அடுக்கா பூச்சு போட்டு வரும். சூட்டையும் தேய்மானத்தையும் தாங்குறதே அந்தப் பூச்சுதான். முனை மழுங்குனா தூக்கிப் போட்டுட்டு வேற மாட்டணும்.

எங்க முதலாளி அதை வெட்டுக்கத்தி மாதிரி கிரைண்டர்ல தீட்டித் தருவாரு. பூச்சு பொறியா பறந்துரும். அன்னிக்கு அண்ணன் மாட்டியிருந்ததும் அப்படித் தீட்டுன டிப்தான்.

நான் இருக்கும்போதே அவரும் வந்தாரு, கையில ஸ்ட்ராபெரி.

"கண்ணாடி போட்டிருக்கணும்லா குமாரு."

அண்ணன் மெதுவா கேட்டாரு, "எந்தக் கண்ணாடி முதலாளி?"

பட்டறையில இருக்கறது ஒரே ஒரு பாதுகாப்புக் கண்ணாடி. மதியம் முதலாளி அதை மாட்டிக்கிட்டு கிரைண்டர் முன்னாடி உக்காந்தாரு. இன்னொரு மழுங்குன டிப்பைத் தீட்டுனாரு. கண்ணாடியைக் கழட்டி சட்டைப் பையில போட்டுக்கிட்டு, டிப்பை என்கிட்ட நீட்டுனாரு.

"குமாரு விட்ட வேலைய நீ முடிச்சிரு தம்பி. பேக்டரியில அவசரமாம்."

நாளைக்குக் காலையில அந்த லேத்துல நான்தான் நிக்கணும்.

நீங்களே சொல்லுங்க, எந்தக் கண்ணை மூடிக்கிட்டு நிக்கட்டும்?