தேனிலவுக்கு ஊர் பார்த்த கடை

என் தேனிலவுக்கு ஊர் பார்க்க, என் முதல் புருஷன் நடத்தும் டிராவல்ஸ் கடைக்குத்தான் போனேன். தெரியாமல் போகவில்லை. பெரம்பலூர் புது பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு மாடியில் அவன் முகம் போட்ட ஃபிளெக்ஸ் தொங்குவதைப் பஸ்ஸிலிருந்து பார்த்தேன். இறங்கித் திரும்ப நடந்து வந்து, கீழே நின்று இரண்டு தடவை படித்தேன். காசி, ராமேஸ்வரம், சிங்கப்பூர், ஐரோப்பா. அவனுக்கு முன்மண்டையில் முடி போயிருந்தது. மீசை அதேதான்.

பத்தொன்பது வயதில், ஒரு வைகாசியில், குரும்பலூரில் அவனுக்கு என்னைக் கட்டிக் கொடுத்தார்கள். நான் ஒன்பதாவதோடு நின்றவள். ஆடி பிறந்ததும் அப்பா வந்து, கீழப்பழுவூர் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊருக்கு என்னை அழைத்துப் போனார். புதிதாகக் கட்டிய பெண்ணை ஆடி மாதம் புருஷனோடு விடமாட்டார்கள். ஆவணி பிறந்ததும் மாப்பிள்ளை வீட்டார் பூவும் பழமுமாக வந்து திரும்ப அழைத்துப் போக வேண்டும். அழைக்காமல் பெண் தானாகப் போய் நிற்கக் கூடாது.

ஆவணி முதல் முகூர்த்த நாளில் குளித்து, பட்டுச்சேலை கட்டி, பெட்டியைக் கதவோரம் வைத்து உட்கார்ந்திருந்தேன். யாரும் வரவில்லை. மறுநாள் அப்பா போய்க் கேட்டார். "நாளு சரியில்லைங்க. ஜோசியருகிட்ட பாத்துட்டுச் சொல்லி அனுப்புறோம்" என்றிருக்கிறாள் மாமியார். அடுத்த முகூர்த்தத்துக்கும் குளித்து உட்கார்ந்தேன். அதற்கடுத்ததற்கும். புரட்டாசி போயிற்று, ஐப்பசி போயிற்று. என்மேல் இன்ன குறை என்று ஒருவரும் சொல்லவில்லை. சண்டை போட்டிருந்தால் நானும் பதிலுக்கு நாலு வார்த்தை பேசியிருப்பேன். தை மாதம் அவனுக்கு வேறு இடத்தில் கல்யாணம் ஆகிவிட்டதைக் கீரைக்காரி சொல்லித்தான் தெரிந்துகொண்டோம். பெரிய மனிதர்கள் உட்கார்ந்து பேசித் தீர்த்துவிட்டார்கள். கொடுத்த பாத்திரங்கள் ஒரு டெம்போவில் திரும்பி வந்தன.

அடுத்த வாரம் திருப்பூர் பஸ் ஏறினேன். பனியன் கம்பெனியில் பிசிறு வெட்டினேன். கோயம்புத்தூரில் ஹாஸ்டலுக்குச் சமைத்தேன். சென்னையில் படுக்கையில் கிடப்பவர்களைப் பார்த்துக்கொண்டேன். ஓர் ஊரில் ஒரு வருஷத்துக்கு மேல் கால் தரிக்காது. கடைசியில் சைப்ரஸ் தீவில் ஒரு கிழவியைத் தூக்கிக் குளிப்பாட்டும் வேலையில் ஏழு வருஷம் இருந்தேன். முதல் குளிர்காலம் சாமான் அறையில் படுத்தேன். இடுப்பு போனது அங்கேதான். இங்கிலீஷ் மாத்திரை டப்பாக்களைப் படித்தே வந்தது. கிழவி செத்ததும் ஊர் திரும்பினேன்.

போன வருஷம் தை மாதத்தில் அரியலூரில் இப்போதைய கணவரைக் கட்டிக்கொண்டேன். சுண்ணாம்புக்கல் ஏற்றும் லாரிகள் வைத்திருக்கிறார். இருபது வருஷம் தானே ஓட்டியவர். நாற்பத்து மூன்று வயதுவரை கல்யாணத்துக்கு நேரமில்லை. எனக்கு முன்பு ஒரு கல்யாணம் நடந்தது அவருக்குத் தெரியும். யார், எந்த ஊர் என்று கேட்கவில்லை. "நீயா சொன்னா கேட்டுக்கிறேன்" என்பதோடு விட்டார்.

அவருக்கு ஒரே ஒரு ஆசை. "பத்து நாளு, தூசி இல்லாத ஊருல சும்மா ஒக்காரணும் புள்ள. அவ்ளோதான்." அவர் இருமினால் கைக்குட்டையில் வெள்ளையாகப் படியும். ஜூனில் புது குவாரி வேலை தொடங்குவதாக இருந்தது. அதன்பிறகு மூன்று வருஷம் லாரிகளை விட்டு நகர முடியாது. அவருக்குக் கையில் இருந்தது அந்தச் சித்திரை மாதம் ஒன்றுதான். ஐரோப்பாவில் அப்போது வசந்தம், பூப்பூக்கும் காலம் என்று நான்தான் சொன்னேன்.

"திருச்சியில பெரிய பெரிய ஆபீஸ் இருக்குமே" என்றார்.

"பெரம்பலூருல ஒரு கடை பாத்து வெச்சிருக்கேன்" என்றேன்.

மாசி மாதம் ஒரு காலையில் படியேறிப் போனோம். கடையில் அவன் ஒருவன்தான். என்னை அடையாளம் தெரியவில்லை. பதினெட்டு வருஷம், போதாததற்கு எனக்குக் கண்ணாடி வேறு.

"வாங்க சார், வாங்க மேடம். எந்தப் பக்கம் போறாப்ல?"

"ஐரோப்பாப் பக்கம்" என்றார் இவர். "கல்யாணமாயி ஒரு மாசம் ஆவுது. தூசி இல்லாத ஊரா வேணும்."

"அங்க எந்த ஊர்லயும் தூசி இருக்காது சார். பாஸ்போர்ட் ரெண்டையும் குடுங்க, பாத்துடுவோம்."

என்னுடையதை நானே நீட்டினேன். என் பெயரைப் படித்தான். அப்பா பெயர் இருக்கும் பக்கத்தைப் புரட்டினான். அப்படியே நின்றது கை. நிமிர்ந்து பார்த்தான். நானும் பார்த்தேன்.

"என்னண்ணே, பாஸ்போர்ட்ல எதும் தப்பா?" என்றேன்.

தாலி கட்டியவனை அண்ணன் என்று கூப்பிட்டாயிற்று. அதற்குமேல் ஓங்கி அடிக்க என்னிடம் எதுவும் இல்லை.

"இல்ல... சரியாத்தான் இருக்குங்க மேடம்."

இவருக்குச் சிரிப்பு. "இவ யாரையும் லேசுல அண்ணேன்னு கூப்புட மாட்டா. அப்ப நீங்க எனக்கு மச்சான் முறை ஆவுது. மச்சான், மொத மொத வந்திருக்கோம், ஒரு டீ கெடயாதா?"

அவன் எழுந்து பிளாஸ்கிலிருந்து ஊற்றினான். கொஞ்சம் மேசையில் சிந்தியது. என் கிளாஸை என் பக்கம் நகர்த்தும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

அன்று ஒரு வண்ணத்தாளை எடுத்து வைத்தான். பத்து நாளில் ஏழு ஊர்.

"ஏண்ணே, ஏழு ஊருக்கும் பொட்டி தூக்கவா போறோம்?"

"பாரிஸ் மட்டும் வெச்சுக்கலாமுங்க."

"வரிசையில நிக்கணும். படி ஏறணும். எனக்கு இடுப்பு ஆவாதுண்ணே."

"வெனிஸு? தண்ணி மேலயே ஊரு."

"பாலத்துக்குப் பாலம் படி. அதுவும் கூட்டம்."

"சுவிட்சர்லாந்து போவாதவங்க யாருமே இல்லைங்க."

"அதான் வேணாங்குறேன். நம்ம சனம் பூரா அங்கதான் நிக்கும். ஏண்ணே, சித்திரையில அங்க மலையில பனி கரைஞ்சிருக்குமா? பூ வந்துருக்குமா?"

"சென்னையில கேட்டுச் சொல்றேங்க."

"கேளுங்க. நாங்க மறுபடி வரோம்."

படியிறங்கும்போது இவர், "பாவம் மச்சான், ரொம்பப் போட்டு எடுக்குற" என்றார். எனக்கு உடம்பெல்லாம் லேசாக இருந்தது. பல வருஷமாகத் தலையில் சுமந்ததை இறக்கிவைத்த மாதிரி என்று சொல்ல மாட்டேன். இறக்கவில்லை. அவன் தலையில் கொஞ்சம் ஏற்றினேன், அவ்வளவுதான்.

நான்கு தடவை போனோம். ஒவ்வொரு தடவையும் புதிதாக ஒன்று கேட்டேன். ஒரே ஊராக இருக்க வேண்டும். ஜன்னலைத் திறந்தால் தண்ணீர் தெரிய வேண்டும். ஹோட்டல் வேண்டாம், யாராவது குடியிருக்கும் வீட்டில் ஓர் அறை வேண்டும். நடக்கிற தூரத்தில் பெஞ்சு வேண்டும். அவன் ஒரு நோட்டுப் போட்டு எழுதிக்கொண்டான். அவனுக்கு நினைவிருந்தது என்பது அவன் என்னை 'வாங்க போங்க' என்று இழுத்துச் சொன்ன விதத்திலேயே தெரிந்தது. ஒருநாளும் வாய் திறந்து ஒன்றும் கேட்கவில்லை.

என் திட்டம் சின்னது. எல்லா வேலையையும் அவனைச் செய்ய வைப்பேன். விசாவுக்குச் சென்னையில் கைரேகை வைக்கிற நாள்வரை கொண்டுவருவேன். பிறகு போகமாட்டேன். ஏன் என்றும் சொல்லமாட்டேன்.

நாலாவது தடவை அவன் ஒரு படத்தைக் காட்டினான். ஸ்லோவேனியா என்ற சின்ன நாடு. போஹின் என்று ஓர் ஏரி. கரையில் மாடு வளர்க்கும் ஒரு குடும்பத்தின் வீடு, மாடியில் ஓர் அறை.

"மே மாசம் மொத வாரம் போனா மேல பனியும் இருக்கும், கீழ பூவும் இருக்கும். ஏரியில மோட்டார் படகு ஓட்ட விடமாட்டாங்களாம். துடுப்புப் படகுதான். சத்தமே இருக்காதுங்க. நானே அந்த வூட்டம்மாகிட்ட பேசிட்டேன். சுடுதண்ணி இருக்கு. மாடிக்குப் பதினோரு படி. மேடம் இடுப்புக்குத் தாங்கும்."

நன்றாகத்தான் தேடியிருந்தான். எனக்கு அது பிடிக்கவில்லை. மோசமாகச் செய்திருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

இவர் அந்தப் படத்தை வாங்கிக்கொண்டார். லாரியில் கண்ணாடிக்கு மேல் செருகி வைத்தார். டிரைவர்களுக்கெல்லாம் காட்டினார். "தண்ணியப் பாருடா. அடியில கெடக்குற கல்லு தெரியுது. நம்ம குவாரித் தண்ணி மாதிரியா இருக்கு?"

பங்குனியில் அவன் போன் செய்தான். ஒரு வாரத்துக்குள் கைரேகைக்கு நாள் போட்டாக வேண்டும், விட்டால் மே மாதம் கிடைக்காது என்றான்.

"நாளு சரியில்லைண்ணே" என்றேன். "ஜோசியருகிட்ட பாத்துட்டுச் சொல்லி அனுப்புறோம்."

 பஸ் ஸ்டாண்டில் கண்டக்டர்கள் கூவுவது மட்டும் போனில் கேட்டது.

"அம்மா சொன்னதுங்க அது" என்றான். "அம்மா போயி மூணு வருசம் ஆச்சு."

"நீங்க எங்க இருந்தீங்க அப்ப?"

"வூட்லதான் இருந்தேன்."

"ஒக்காந்துகிட்டா, நின்னுகிட்டா?"

 "என்னய என்ன வேணா செய்ங்க. அந்த மனுசனுக்கு நான் யாருன்னு தெரியுமா?" என்றான். நான் போனை வைத்துவிட்டேன்.

இரண்டு நாள் கழித்து அவன் கூப்பிட்டான், எடுக்கவில்லை. மறுநாள் மூன்று தடவை கூப்பிட்டான். சோறு நன்றாக இறங்கியது எனக்கு. இவர் தினமும் கேட்டார். "மச்சான் ஒண்ணும் சொல்லலியா?" சென்னையில் இழுக்கிறார்கள் என்றேன்.

ஆறாவது நாள் காலை மளிகைக் கடைக்குப் போய்த் திரும்பினேன். இவர் முகம் மழித்து, தேய்த்த சட்டை போட்டு, லாரி ஷெட்டில் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். மடியில் ஃபைல். உள்ளே பாஸ்போர்ட், வங்கிக் காகிதம், இருவர் போட்டோ.

"எங்க கெளம்பிட்டீங்க?"

"எங்கயும் இல்ல. திடீர்னு இன்னைக்கே வாங்கன்னு கூப்புட்டா? ரெடியா இருப்போமேன்னுதான்."

நான் பையைக் கீழே வைத்தேன். பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிவிட்டேன். அவன் யார், ஆவணியில் என்ன நடந்தது, இந்த ஆறு நாளாக நான் என்ன செய்துகொண்டிருக்கிறேன், எல்லாம்.

அவர் கேட்டு முடித்து ஃபைலை மூடினார்.

"நான் அவன நாலு தடவ மச்சான்னு கூப்புட்டேன். தோள்ல கை போட்டுச் சிரிச்சேன். நீ ஒக்காந்து பாத்துகிட்டு இருந்த."

"ஆமா."

"அவன நீ என்ன வேணா பண்ணு. எனக்கு வழக்கு இல்ல. என்னய எதுக்குப் புள்ள நடுவுல ஒக்கார வெச்ச?"

 அவர் சட்டையை மாற்றிக்கொண்டு குவாரிக்குப் போனார். அன்றும் மறுநாளும் என்னோடு பேசவில்லை. நான் வைத்த சோற்றைச் சாப்பிட்டார், தட்டைத் தானே கழுவினார். பெட்டியை எடுத்துக்கொண்டு எங்காவது போய்விடலாமா என்று பழைய கால் அரித்தது. போகவில்லை.

மூன்றாம் நாள் காலை, "கெளம்பு" என்றார். பைக்கில் பெரம்பலூர் போனோம். படியேறி அவன் எதிரே உட்கார்ந்தோம். அவன் எழுந்து பிளாஸ்கைத் தொட்டான்.

"டீ வேணாம்" என்றார் இவர். "எல்லாம் சொல்லிட்டா. அதப் பத்திப் பேச வரல. எனக்கு அந்த ஏரி வேணும். நாளு இருக்கா, இல்ல போயிடுச்சா?"

அவன் கம்ப்யூட்டரைத் திறந்தான். ரொம்ப நேரம் தேடினான். சென்னைக்குப் பேசினான், கெஞ்சினான், இன்னொரு எண்ணுக்குப் பேசினான். அவன் சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது. நான் பார்த்துக்கொண்டிருந்தேன். பார்க்க நன்றாகத்தான் இருந்தது, அதை மறைப்பதில் அர்த்தமில்லை.

"வியாழக்கிழமை ஒருத்தங்க விட்ட நாளு ஒண்ணு இருக்கு. காலம்பற எட்டரைக்கு" என்றான்.

"போடுங்க" என்றார் இவர்.

எழுந்தபோது அவன் என்னைப் பார்த்து ஏதோ சொல்ல வாயெடுத்தான். மன்னிப்பாக இருக்கலாம். "அண்ணே, வெயிலுக்கு முந்தி வூடு போவணும்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினேன். அதைக் கேட்டுவிட்டால் நான் ஏதாவது பதில் சொல்ல வேண்டியிருக்கும். பதினெட்டு வருஷம் அவன் சொல்லாததை இன்னும் கொஞ்ச நாள் வாயிலேயே வைத்திருக்கட்டும்.

மே மாதம் போனோம். பத்து நாளில் நான்கு நாள் மழை. பனி இருந்தது, பூவும் இருந்தது, அவன் சொன்ன மாதிரியே பதினோரு படி. இவர் அந்த வீட்டம்மா கொடுத்த குடையைப் பிடித்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். மாடுகளின் கழுத்துமணிச் சத்தம் வந்தால் எந்தப் பக்கத்திலிருந்து என்று திரும்பித் தேடுவார். நாலாம் நாளிலிருந்து இருமல் குறைந்தது. என்னோடு பேசினார், ஆனாலும் ஏதோ ஒன்று பாக்கி இருந்த மாதிரி நான்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒருநாள் மத்தியானம் மழை விட்டதும் நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். மரப்பலகை ஈரம் சேலையில் ஏறியது.

"அவன் மேல கோவம் போச்சா?" என்று கேட்டார். தண்ணீரைப் பார்த்துக்கொண்டேதான் கேட்டார்.

"போவல."

"பொய் சொல்லாம சொல்றியா?"

"பொய் இல்ல. போவல."

தலையை ஆட்டினார். குடையை மடக்கிப் பெஞ்சுக்கு அடியில் வைத்தார்.

"சரி. இனிமே ஒண்ணு செய்யறதா இருந்தா மொதல்ல என்கிட்ட சொல்லிட்டுச் செய்யி" என்றார். பிறகு என் செருப்பில் ஒட்டியிருந்த சேற்றை ஒரு குச்சியால் தட்டிவிட்டு, படகு வாடகைக்கு விடுகிறவன் திறந்துவிட்டானா என்று பார்த்துவரப் போனார்.